கொளுத்தும் கத்தரி வெயில்: கண்ணாடி தொட்டி இறால்களை காப்பாற்ற ஈர சாக்கும், டேபிள் பேனும் போதும்!

கம்பைநல்லூர், மே 5-

கத்தரி வெயில் தொடங்கி விட்டால் மனுஷனுக்கு மோர், நுங்கு, இளநீர் இருக்கிறது. மாட்டுக்கு மரத்தடி நிழல் இருக்கிறது. ஆனால் வீட்டு ஹாலில் கண்ணாடி தொட்டிக்குள் இருக்கும் வண்ண இறால் எங்கே போகும்? தண்ணீர் சுட்டாலும் அதிலேயேதான் கிடக்க வேண்டும்.

தர்மபுரி மாவட்டம் கம்பைநல்லூர், மொரப்பூர், அரூர், காரிமங்கலம் வட்டாரத்தில் வீட்டில் மீன் தொட்டி வைப்பது புதிது அல்ல. கோல்டு பிஷ், கப்பி, பைட்டர் என்று வளர்த்தவர்கள் பலர் இப்போது சின்ன சின்ன வண்ண இறால்களுக்கு மாறி வருகிறார்கள். செர்ரி பழம் போல சிவப்பு, மஞ்சள், நீலம் என பல நிறங்களில் கிடைக்கும் இந்த இறால்கள் முழுதாக வளர்ந்தாலும் ஒரு அங்குலம்தான் இருக்கும். தொட்டியில் படியும் பாசியை மேய்ந்து சுத்தம் செய்யும். குட்டி போட்டு பெருகும் வேகமும் அதிகம்.

பிரச்சினை வருவது மே மாதத்தில்தான். ராத்திரி நன்றாக மேய்ந்து கொண்டிருந்த இறால்கள் விடிந்து பார்த்தால் தொட்டியின் அடியில் வெளிறிப்போய் கிடக்கும். "ஏண்ணா, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, ஒரே ராத்திரியில எல்லாம் போயிடுச்சே" என்று கடைக்காரரிடம் போய் நிற்பவர்கள் உண்டு. உண்டியல் காசை உடைத்து வாங்கிய பிள்ளைகளுக்கு அழுகையே வந்து விடும். கைச்செலவுக்கு ஆகுமே என்று குஞ்சு பொரிக்க வைத்து விற்பவர்களுக்கோ பல மாத உழைப்பு ஒரே நாளில் காலி.

இந்த சாவுகளில் பெரும்பாலானவற்றை தடுத்து விடலாம். அதற்கு ஏ.சி. வேண்டாம். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து சில்லர் எந்திரமும் வாங்க வேண்டாம். அதற்கான வழிமுறைகள் வருமாறு:-

104 என்றால் 40

பேப்பரில் வெயில் அளவை பாரன்ஹீட்டில் போடுவது வழக்கம். "104 டிகிரி வெயில் சுட்டெரித்தது" என்றால் அது 40 டிகிரி செல்சியஸ். 2024-ம் ஆண்டு ஏப்ரல் கடைசியிலும், மே முதல் வாரத்திலும் தர்மபுரி உள்பட தமிழகத்தின் உள்மாவட்டங்களில் வெயில் இந்த அளவை தாண்டியது பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

தொட்டியில் ஒட்டும் தெர்மாமீட்டர் பெரும்பாலும் செல்சியஸ் கணக்கில்தான் காட்டும். எனவே 3 எண்களை மட்டும் மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். 28 டிகிரி (82 பாரன்ஹீட்) வரை செர்ரி இறால் சுகமாக இருக்கும். 30 டிகிரி (86) வந்தால் அதற்கு கஷ்டம் தொடங்கி விட்டது. 32 டிகிரியை (சுமார் 90) தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

வெளியில் 40 டிகிரி அடிக்கும்போது வீட்டுக்குள் தண்ணீர் 31, 32 டிகிரி போவது சாதாரணம். ஓட்டு வீடு, சிமெண்டு ஷீட் வீடு என்றால் அதற்கும் மேலே போகும். தெர்மாமீட்டர் இல்லாமல் கையை விட்டு பார்த்து கணக்கு போடாதீர்கள். 32 டிகிரி தண்ணீர் நம் உடம்பு சூட்டை விட குறைவு. கையை விட்டால் நமக்கு ஜில்லென்றுதான் இருக்கும். இறாலுக்கோ அது கொதிநீர் மாதிரி.

மூச்சு திணறுவதே முதல் காரணம்

சூட்டில் இறால் வெந்து சாவதாக பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு முன்பே மூச்சு திணறி விடுகிறது.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் இறால் செவுள் மூலம் சுவாசிக்கிறது. தண்ணீர் சூடாக சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் 9 மில்லி கிராம் ஆக்சிஜன் தங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லி கிராம்தான் தங்கும்.

வரவு இப்படி குறைகிற அதே நேரத்தில் செலவு ஏறுகிறது. இறாலுக்கு நம்மை போல உடம்பு சூட்டை தானே சமாளிக்கும் வசதி கிடையாது. தண்ணீர் எந்த சூட்டில் இருக்கிறதோ அதே சூடுதான் அதன் உடம்புக்கும். 10 டிகிரி கூடினால் அதன் உடம்பு ஏறக்குறைய 2 மடங்கு வேகத்தில் ஓடும், 2 மடங்கு ஆக்சிஜன் கேட்கும். சம்பளத்தை குறைத்து விட்டு வாடகையை இரட்டிப்பாக்கினால் குடும்பம் எப்படி தாங்கும்? இறாலின் நிலைமையும் அப்படித்தான்.

இதோடு இன்னொரு வில்லனும் சேர்ந்து கொள்கிறது. கழிவில் இருந்தும், தின்னாத தீனியில் இருந்தும் அமோனியா வரும். உப்புச்சத்து, காரத்தன்மை உள்ள தண்ணீரில் சூடு ஏறினால் அமோனியாவின் விஷத்தன்மையும் ஏறும். 20 டிகிரியில் இருப்பதை விட 30 டிகிரியில் விஷ அமோனியாவின் பங்கு கிட்டத்தட்ட 2 மடங்கு.

விடியற்காலைதான் அதிக கண்டம். பகலில் ஆக்சிஜன் தரும் செடிகள், ராத்திரியில் அதே ஆக்சிஜனை எடுத்துக் கொள்ளும். புழுக்கமான ராத்திரியில் ஏர் பம்பும் ஓடாவிட்டால் விடிவதற்குள் இருப்பு தீர்ந்து விடும். "ராத்திரி நல்லா இருந்துச்சு, காலையில செத்துக்கிடக்கு" என்பதன் ரகசியம் இதுதான்.

அறிகுறிகள் என்ன?

இறால் சாகும் முன்பு சொல்லி விட்டுத்தான் சாகிறது. நமக்குத்தான் புரிவதில்லை. கூட்டமாக தண்ணீர் மேல்மட்டத்துக்கு ஏறி நிற்பது, ஏர் குழாய் பக்கத்திலேயே ஒட்டிக்கிடப்பது, காரணம் இல்லாமல் அங்கும் இங்கும் வெறி பிடித்த மாதிரி நீந்துவது, தீனி போட்டும் வராமல் இருப்பது, வயிற்றில் முட்டை சுமக்கும் தாய் இறால் முட்டைகளை உதிர்ப்பது ஆகியவை எச்சரிக்கை மணி. கண்ணாடி போல இருக்கும் உடம்பு பால் நிறத்துக்கு மாறினால் நிலைமை கைமீறி போகிறது என்று அர்த்தம்.

ஒரு விஷயம். அடியில் வெள்ளையாக, உள்ளே ஒன்றும் இல்லாமல் வெறும் கூடு மாதிரி கிடந்தால் பயப்பட வேண்டாம். பாம்பு சட்டை உரிப்பது போல இறாலும் சட்டை உரிக்கும். அதை அப்படியே விட்டு விடுங்கள். சுண்ணாம்பு சத்துக்காக இறால்களே அதை தின்று விடும்.

மண்பானை ரகசியம்

கரண்ட் இல்லாத காலத்திலேயே நம் ஊரில் தண்ணீரை குளிர வைத்தார்கள். ஈர மணலில் மண்பானையை வைத்து, மேலே ஈரத்துணியை சுற்றுவார்கள். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும். ஆவியாவதற்கு தேவையான சூட்டை பானையில் இருந்தே எடுத்துக் கொள்ளும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஜில்லென்று ஆகும்.

அதே வேலையை மீன் தொட்டியிலும் செய்யலாம். தொட்டி மூடியை எடுத்து விட்டு தண்ணீரின் மேற்பரப்பில் காற்று படும்படி ஒரு பேனை ஓட விட்டால் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப்போக சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் செலவாகிறது. 50 லிட்டர் தொட்டியில் அரை லிட்டர் ஆவியானால், அந்த தொட்டியை கிட்டத்தட்ட 6 டிகிரி குளிர வைக்கும் அளவு சூடு வெளியே போகிறது. ஆனால் அறையில் இருந்தும் சூடு உள்ளே வந்து கொண்டே இருக்கும். அதனால் நமக்கு கிடைக்கும் லாபம் 2 முதல் 4 டிகிரி. 32-ல் இருப்பதை 29-க்கு கொண்டு வந்தால் அதுவே உயிர் பிச்சை.

இதில் கடற்கரை ஊர்களை விட தர்மபுரி பக்கத்துக்கு அதிர்ஷ்டம் அதிகம். சென்னையில் காற்றே ஈரமாக இருப்பதால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. நம் பக்கத்து வெயில் வறண்ட வெயில். துவைத்த துணி அரை மணி நேரத்தில் காய்கிற ஊரில் பேன் வித்தை நன்றாக வேலை செய்யும். கோடை மழை பெய்து புழுக்கமாக இருக்கும் நாளில் மட்டும் பலன் குறையும். அறைக்குள்ளேயே ஈரக்காற்று தங்கி விடாமல் இருக்க ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

பட்டுப்புழு மனையில் பழகிய வித்தை

பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இந்த கதையெல்லாம் நன்றாக தெரியும். தர்மபுரியில் அரசு பட்டுக்கூடு அங்காடி செயல்படும் அளவுக்கு இந்த மாவட்டத்தில் பட்டு விவசாயிகள் இருக்கிறார்கள். பட்டுப்புழுவுக்கும் சூடு ஆகாது. 28 டிகிரிக்கு மேல் போனால் புழு சோர்ந்து விடும். அதனால் வெயில் காலத்தில் வளர்ப்பு மனையின் ஜன்னல்களில் கோணி சாக்கை கட்டி தண்ணீர் தெளித்து விடுவார்கள். ஷீட் கூரைக்கு மேல் தென்னங்கீற்று பரப்புவார்கள்.

அந்த சாக்கை வீட்டு தொட்டிக்கும் பயன்படுத்தலாம். தொட்டியை ஒரு அகலமான தட்டில் வைத்து, 2 அங்குலம் தண்ணீர் ஊற்றி, பழைய பருத்தி துணியை அல்லது நன்றாக அலசிய சாக்கை தொட்டியின் 3 பக்கமும் சுற்றி, அடிநுனி தட்டில் நனையும்படி விடுங்கள். துணி தண்ணீரை தானாக உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். காற்று பட்டால் கண்ணாடி குளிரும், உள்ளே இருக்கும் தண்ணீரும் மெதுவாக குளிரும். உரம், பூச்சிமருந்து வந்த சாக்கை மட்டும் பக்கத்திலேயே கொண்டு வராதீர்கள்.

தட்டில் உள்ள தண்ணீரை தினமும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் டெங்கு கொசு அதில் முட்டை போட்டு விடும்.

பேன் வைப்பது எப்படி?

* சின்ன தொட்டிக்கு கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சிறிய பேனே போதும். பழைய 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டலாம். பெரிய தொட்டிக்கு டேபிள் பேனை குறைந்த வேகத்தில் வைக்கலாம்.

* காற்று தண்ணீரின் மேல் சாய்வாக பட வேண்டும். கண்ணாடி மேல் மட்டும் பட்டால் பலன் இல்லை.

* மூடி இருந்த இடத்தில் கொசுவலை கட்டுங்கள். பல்லி, கரப்பான் விழாது. கொசுவும் முட்டை போடாது.

* வயர் நேராக பிளக்குக்கு போகக்கூடாது. நடுவில் ஒரு தொங்கல் விடுங்கள். தண்ணீர் வயர் வழியாக வழிந்தாலும் அந்த தொங்கலில் இருந்து கீழே சொட்டி விடும், பிளக்குக்குள் போகாது. தொட்டிக்குள் கை விடும் முன்பு எல்லா ஸ்விட்சையும் ஆப் செய்யுங்கள். இறாலை காப்பாற்ற போய் நாம் ஷாக் அடித்து விழக்கூடாது.

* மழைக்காலத்தில் போட்ட ஹீட்டர் இன்னும் உள்ளே கிடந்தால் முதலில் அதை எடுங்கள். தண்ணீருக்குள் ஓடும் மோட்டாரும் சூட்டை விடும். காற்று குமிழியில் ஓடும் ஸ்பாஞ்ச் பில்டர் வெயில் காலத்துக்கு நல்லது. குட்டி இறாலையும் அது உறிஞ்சாது.

ஐஸ் போடலாமா?

"பிரிட்ஜ்ல இருந்து ஐஸ் வாட்டர் எடுத்து ஊத்திட்டா வேலை முடிஞ்சுது" என்று நினைப்பவர்கள் அதிகம். இறால் அதிகமாக சாவதற்கு இந்த அவசரமும் ஒரு காரணம்.

இறால் கொஞ்சம் சூட்டை சில நாள் பொறுத்துக் கொள்ளும். திடீர் மாற்றத்தை பொறுத்துக் கொள்ளாது. ஒரேயடியாக 4, 5 டிகிரி இறங்கினால் அதிர்ச்சியில் நேரம் கெட்ட நேரத்தில் சட்டை உரிக்க பார்க்கும். பாதி உரித்த நிலையில் சிக்கிக் கொண்டு செத்து விடும்.

வேறு வழியே இல்லை, தண்ணீர் 32-ஐ தாண்டி விட்டது என்றால் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி உறைய வைத்து, மூடியை இறுக்கி தொட்டியில் மிதக்க விடலாம். அரை லிட்டர் ஐஸ் 50 லிட்டர் தண்ணீரை சுமார் 1 டிகிரி குறைக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் இறக்கினால் ஆபத்து இல்லை. ஆனால் அதே பாட்டிலை 10 லிட்டர் கண்ணாடி ஜாடியில் போட்டால் 5 டிகிரிக்கு மேல் இறங்கி விடும். சின்ன ஜாடிக்கு ஐஸ் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று. ஐஸ் கரைந்ததும் மறுபடி சூடு ஏறும். தினமும் இப்படி ஏறி இறங்குவது தொடர்ந்து 30 டிகிரியில் இருப்பதை விட கெடுதல். எனவே ஐஸ் பாட்டில் ஆபத்துக்கு மட்டும். அன்றாடத்துக்கு பேனும் ஈர சாக்கும்தான்.

தொட்டி எங்கே இருக்கிறது?

பாதி பிரச்சினை தொட்டி வைத்த இடத்தில்தான். மேற்கு பார்த்த ஜன்னல் ஓரம், அடுப்பு பக்கம், பிரிட்ஜ் மேல், டி.வி. ஸ்டாண்டு ஆகிய இடங்கள் ஆகாது. ஷீட் வீட்டில் உயரமான ஷெல்ப்பும் கூடாது. சூடான காற்று மேலேதான் தங்கும். வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில், தரைக்கு பக்கத்தில் வையுங்கள். ராத்திரியில் நீங்கள் பாய் விரித்து படுக்க எந்த இடத்தை தேடுவீர்களோ, அந்த இடம்தான் இறாலுக்கும் நல்லது.

தண்ணீர் அதிகமாக இருந்தால் சூடு ஏற நேரம் ஆகும். 5 லிட்டர் ஜாடி மத்தியானத்துக்குள் சூடாகி விடும். 50 லிட்டர் தொட்டி சாயங்காலம் வரை தாங்கும். அதற்குள் வெயில் இறங்கி விடும். பெரிய தொட்டி வாங்க வசதி இல்லாதவர்கள் மீன் கடைகளில் ஐஸ் போட்டு மீன் வரும் தெர்மாகோல் பெட்டியை வாங்கி, வாடை போக அலசி காய வைத்து, ஓட்டை இல்லையா என்று பார்த்து, வெயில் முடியும் வரை இறால்களை அதில் விடலாம். வெளிச்சூடு உள்ளே போவதை தெர்மாகோல் தடுக்கும். கண்ணாடி தொட்டிக்கும் 3 பக்கமும், அடியிலும் தெர்மாகோல் ஒட்டலாம். ஆனால் ஈர சாக்கையும் தெர்மாகோலையும் ஒரே பக்கத்தில் வைத்தால் சாக்கின் குளிர்ச்சி உள்ளே போகாது. இரண்டில் ஒன்று போதும்.

விளக்கு எரிவதாலும் சூடு ஏறும். பகலில் ஆப் செய்து விட்டு, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு எல்.இ.டி. விளக்கை 5, 6 மணி நேரம் மட்டும் போடுங்கள்.

தண்ணீர் ஊற்றும்போது கவனம்

பேன் ஓடினால் தண்ணீர் தினமும் குறையும். அதுதான் வேலை நடக்கிறது என்பதற்கு அத்தாட்சி. கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி அளவு வைத்துக் கொண்டு, குறைந்ததை தினமும் ஊற்ற வேண்டும்.

எந்த தண்ணீரை ஊற்றுவது என்பதில்தான் சூட்சுமம். ஆவியாகிப்போவது வெறும் தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கி விடும். மறுபடி போர் தண்ணீரையே ஊற்றினால் உப்பு மேல் உப்பு சேரும். அடுப்பில் காயும் ரசம் மாதிரி நாளுக்கு நாள் கடுப்பாகும். எனவே குறைந்த அளவை ஈடுகட்ட கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத்தண்ணீர் ஊற்றுங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால்தான் ஜப்பான் நிதி உதவியுடன் ஒகேனக்கல் கூட்டு குடிநீர் திட்டம் கொண்டு வரப்பட்டு, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. குழாயில் வரும் காவிரி தண்ணீர் போர் தண்ணீரை விட மேல். ஆனால் அதில் கிருமி சாக குளோரின் கலந்திருப்பார்கள். அது மனுஷனுக்கு நல்லது, இறாலுக்கு விஷம். பிளாஸ்டிக் வாளியில் பிடித்து, மூடாமல் ஒரு நாள் முழுக்க நிழலில் வைத்து, பிறகு பயன்படுத்துங்கள்.

மத்தியானத்தில் மாடி டேங்க் தண்ணீர் கையை சுடும். அதை நேராக ஊற்றி விடாதீர்கள். தண்ணீர் மாற்றும் வேலையை காலையிலேயே முடியுங்கள். ஒரு தடவைக்கு பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்ற வேண்டாம்.

செம்பு குடத்து தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று வைத்திருப்பவர்கள் அதை தொட்டியில் ஊற்றக்கூடாது. செம்பு சத்து கொஞ்சம் கலந்தாலே இறால் தாங்காது. மீன் வியாதிக்கு கடையில் கொடுக்கும் மருந்துகள் சிலவற்றிலும் செம்பு உண்டு. கேட்டு வாங்குங்கள்.

கொசு மருந்துதான் எமன்

வெயில் காலத்தில் ஜன்னலை திறந்தால் கொசு வரும். உடனே கொசு விரட்டி திரவத்தை பிளக்கில் சொருகுவோம். அதில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து பூச்சிகளை கொல்வதற்காக செய்யப்பட்டது. இறாலும் பூச்சிக்கு உறவுக்கார ஜாதிதான். பூச்சிக்கு விஷமானது இறாலுக்கும் விஷம். இதில் பேன் வேறு ஓடினால் அந்த புகையை தண்ணீர் மேலேயே கொண்டு போய் தள்ளும். வெயிலில் செத்தது என்று நினைக்கும் இறால்களில் சில இப்படி செத்திருக்கலாம்.

தொட்டி இருக்கும் அறையில் கொசுவர்த்தி, திரவம், கரப்பான் ஸ்பிரே எதுவும் வேண்டாம். கொசுவலை கட்டி படுங்கள். தக்காளி தோட்டத்திலோ, மாந்தோப்பிலோ மருந்து அடித்து விட்டு வந்தவர்கள் சோப்பு போட்டு கை கழுவி, துணி மாற்றாமல் தொட்டி பக்கம் போகக்கூடாது.

கரண்ட் போனால்...

கோடையில் திடீர் மின்தடை சகஜம். பேனும் நிற்கும், ஏர் பம்பும் நிற்கும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்பு வாங்கி வைப்பது நல்லது. மீன் தூண்டில் போடுபவர்களும் அதை பயன்படுத்துவார்கள்.

அதுவும் இல்லையா? டம்ளரில் தொட்டி தண்ணீரை மொண்டு, ஒரு அடி உயரத்தில் இருந்து டீ ஆற்றுவது போல மறுபடி தொட்டியில் ஊற்றுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை 20, 30 டம்ளர் இப்படி ஆற்றினால் காற்று கலக்கும். மொண்டதில் குட்டி இறால் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். செலவே இல்லாத முதலுதவி இது.

தீனியை குறையுங்கள்

சூட்டில் தின்னாத தீனி சீக்கிரம் அழுகும். அழுகும்போது ஆக்சிஜனையும் தின்று விடும். வெயில் காலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொஞ்சமாக போட்டால் போதும். 2 மணி நேரத்தில் தின்னாததை எடுத்து விடுங்கள். பாசி இருக்கும் தொட்டியில் 3, 4 நாள் தீனி போடாவிட்டாலும் இறால் சாகாது. செத்த இறால் கிடந்தால் உடனே எடுங்கள்.

கடையில் விற்கும் தீனிக்கு பதில் மல்பெரி இலையை காய வைத்து போடலாம். வெளிநாடுகளில் இறால் வளர்ப்பவர்கள் இதை பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். தர்மபுரியில் தோட்டத்திலேயே விளைகிறது. மெதுவாக மக்குவதால் தண்ணீரும் சீக்கிரம் கெடாது. மருந்து அடிக்காத இலையா என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள்.

நம் ஊருக்கு எந்த இறால்?

வாங்கும்போதே யோசித்து வாங்கினால் பாதி கவலை இல்லை. செர்ரி இறாலின் பூர்வீகம் தைவான், சீனா பக்கத்து ஓடைகள். சிவப்பு நிறத்தை தேர்ந்தெடுத்து பெருக்கி உலகத்துக்கு கொடுத்தது தைவான். இது ஓரளவு சூட்டை சமாளிக்கும். முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு இதுதான் சரி.

சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக இருக்கும் கிரிஸ்டல் ரெட் இறால் பார்க்க கொள்ளை அழகு. 1990-களில் ஜப்பானைச் சேர்ந்த ஹிசயாசு சுசுகி என்பவர் பல தலைமுறை பெருக்கி உருவாக்கிய ரகம் இது. ஆனால் இதற்கு 20 முதல் 24 டிகிரிதான் பிடிக்கும். ஏ.சி. அறை இல்லாமல் நம் பக்கத்தில் இதை வளர்ப்பது பணத்தை தண்ணீரில் போடுவது போல. அழகை பார்த்து ஏமாற வேண்டாம்.

சென்னை கொளத்தூர் வண்ண மீன்களுக்கு பேர் போனது. அங்கிருந்து பஸ்சிலோ, மொரப்பூர் வரை ரெயிலிலோ கொண்டு வருபவர்கள் ராத்திரி பயணமாக பார்த்துக் கொள்ளுங்கள். பையை தெர்மாகோல் பெட்டிக்குள் வையுங்கள். பஸ் டாப்பில் போட்டு வந்தால் அவித்த இறால்தான் மிஞ்சும்.

வீட்டுக்கு வந்ததும் பையோடு தொட்டியில் கொட்டாதீர்கள். பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டு, பிறகு இறால்களை ஒரு பாத்திரத்துக்கு மாற்றி, ஏர் டியூபில் முடிச்சு போட்டு தொட்டி தண்ணீரை சொட்டு சொட்டாக அதில் விடுங்கள். சொட்டு நீர் பாசனம் மாதிரிதான். ஒன்றிரண்டு மணி நேரத்தில் புது தண்ணீருக்கு பழகி விடும். முடிந்தால் புது இறால் வாங்குவதை ஜூன் கடைசி வரை தள்ளிப்போடுங்கள்.

காலை முதல் இரவு வரை

காலை 6 மணி: எத்தனை இறால் கண்ணில் படுகிறது, எல்லாம் சுறுசுறுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த தண்ணீரை ஊற்றுங்கள். தட்டு தண்ணீரை மாற்றுங்கள்.

காலை 10 மணி: வெயில் ஏறும் முன்பே ஜன்னல் திரையை இழுத்து விட்டு பேனை போடுங்கள். தண்ணீர் சூடான பிறகு இறக்குவதை விட, ஏற விடாமல் தடுப்பது சுலபம்.

மதியம் 2 முதல் 4 மணி: தெர்மாமீட்டரை பாருங்கள். 30-ஐ தாண்டினால் ஏர் பம்பு வேகத்தை கூட்டுங்கள். 32-ஐ தாண்டினால் மட்டும் ஐஸ் பாட்டில்.

சாயங்காலம் 6 மணி: ஜன்னலை திறந்து விடுங்கள். மொட்டை மாடி வீடு என்றால் மாடியில் தண்ணீர் தெளிக்கலாம். மாடிக்கு வெள்ளை சுண்ணாம்பு அடித்தால் வீட்டுக்கே சூடு குறையும், இறாலோடு நமக்கும் நிம்மதி.

இரவு: பேனை நிறுத்தினாலும் ஏர் பம்பை நிறுத்தக்கூடாது. விடியற்காலைதான் கண்டம் என்பதை மறக்காதீர்கள்.

சந்தேகமும் பதிலும்

வேலைக்கு போகிறவர்கள் என்ன செய்வது?

காலையில் கிளம்பும்போதே பேன், ஏர் பம்பை போட்டு, ஈர சாக்கை நனைத்து விட்டு போகலாம். பகல் முழுக்க ஆள் இல்லாத வீட்டில் டேபிள் பேனுக்கு பதில் சின்ன 12 வோல்ட் பேன்தான் பாதுகாப்பு.

முட்டை சுமக்கும் இறாலை தனியாக எடுக்கலாமா?

வெயில் காலத்தில் வேண்டாம். கை பட்ட அதிர்ச்சியிலேயே முட்டையை உதிர்த்து விடும். பெரிய தொட்டியிலேயே இருக்கட்டும்.

ஆற்று இறாலை பிடித்து வந்து வளர்க்கலாமா?

சூட்டை நன்றாக தாங்கும். ஆனால் நீண்ட கொடுக்கு உள்ள ரகங்கள் செர்ரி இறாலை பிடித்து தின்று விடும். இரண்டையும் ஒன்றாக விடாதீர்கள்.

வளர்க்க முடியவில்லை, ஆற்றில் விட்டு விடலாமா?

கூடவே கூடாது. தொட்டியில் இருந்து வெளியே போன சக்கர் மீன் இன்று தமிழக ஏரி, ஆறுகளில் பெருகி மீனவர் வலையை கிழிக்கிறது. தென்பெண்ணைக்கு இன்னொரு தொல்லை வேண்டாம். வளர்க்க ஆசைப்படும் வேறு யாருக்காவது கொடுத்து விடுங்கள்.

அக்னி நட்சத்திரம் ஏறக்குறைய 25 நாள்தான். அந்த 25 நாளும் 2 டிகிரியை குறைத்து, காற்று குமிழியை நிறுத்தாமல் ஓட விட்டால் இறால் கூட்டம் தப்பி விடும். ஜூன் மாத காற்றில் தண்ணீர் தானாக குளிர்ந்ததும், தாய் இறாலின் வயிற்றுக்கு அடியில் மறுபடியும் முட்டைகள் தெரியும். அவை பொரிந்து, ஊசி முனை அளவு குட்டிகள் பாசி மேல் மேய்வதை பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்து எண்ணுவதை பார்க்கும்போது, மத்தியான வெயிலில் சாக்கை நனைத்த கஷ்டம் எல்லாம் மறந்து போகும்.